மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின், முறிகண்டியில் நின்றுவிடும் கார்

வாசகர் கேள்வி – பதில்: பழைய குடும்பக் கார்கள்

வன்னியின் நாலா பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மொறிஸ் மைனரைப் பற்றியவை, மிச்சம் ஒஸ்ரின். பலர் பெயின்ற் நிறத்திலிருந்துதான் கேள்வியைத் தொடங்கியிருக்கிறார்கள். எங்கள் வரிசை வேறு. கார் முதலில் பிரேக் பிடித்தால் நிற்க வேண்டும், பிறகு சொன்னபடி திரும்ப வேண்டும், அதன் பிறகு ஓடினால் போதும். பெயின்ற் எல்லாவற்றுக்கும் கடைசி. ஆனால் முதற் கடிதம் எஞ்சினைப் பற்றியது. வன்னிக்கே உரிய கேள்வி என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

தருமபுரத்திலிருந்து ஒரு வாசகர்: அப்பாவின் 1098 சி.சி. மொறிஸ் மைனர் யுத்தத்தில் பெற்றோல் தடைபட்ட காலத்தில் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. பிறகு பல வருடம் மாலுக்குள் நின்றுவிட்டது. எஞ்சினை முழுதாகக் கழற்றினால்தான் சரிவரும் என்று கராஜில் சொல்கிறார்கள். கழற்றத்தான் வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். கழற்றிய எஞ்சின் வாளியிலும் பெட்டியிலும் கிடந்து, பாதிச் சாமான் தொலைந்து, கடைசியில் பழைய இரும்புக்குப் போன கார்கள் நிறைய. முதலில் எஞ்சின் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். டீசலும் ஓட்டோ கியர் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு மேசைக்கரண்டி விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். ஸ்ராட்டரைத் தொடவே கூடாது. இறுகிய பிஸ்டன் ரிங்கை ஸ்ராட்டரின் பலத்தால் இழுத்தால் ரிங் உடையும், உடைந்த துண்டு சிலிண்டரைக் கீறும். மைனருக்கு முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்ற இடம் இருக்கிறது. கியரை நியூற்றலில் வைத்து, கைப்பிடியால் கால் சுற்று முன்னும் பின்னுமாக மெதுவாக அசையுங்கள். அசைந்தால் நல்லது. அசையாவிட்டால் இன்னொரு கரண்டி விட்டு ஒரு கிழமை பொறுங்கள். பெரும்பாலும் பொறுமைக்கு இளகும்.

சுற்றத் தொடங்கியதும் மேலே உள்ள வால்வ் மூடியைக் கழற்றி, ஒருவர் சுற்ற மற்றவர் எட்டு வால்வும் ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்று கீழே போய் அங்கேயே நின்றுவிட்டால் அதற்கு மேல் சுற்றாதீர்கள், புஷ் றொட் வளைந்துவிடும். வால்வ் தண்டில் ஒயில் விட்டு மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் இளகும்.

இனி மண்ணெண்ணெய் விட்டுப்போன அடையாளங்கள். அந்த நாட்களில் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் பீச்சி எஞ்சினை எழுப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பெற்றோல் போல் அது எளிதில் ஆவியாகாது. எஞ்சின் ஆறியிருக்கும்போது துளித்துளியாகவே சிலிண்டருக்குள் போய், சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு ரிங்கைத் தாண்டிக் கீழே ஒயில் தேங்கும் சம்ப்பில் சேரும். ஒயில் தண்ணீர்போல ஆகும், பெயறிங் தேயும். தட்டாமல் எரியும் தன்மையான ஒக்ரேனும் மிகக் குறைவு. அதனால் ஏற்றத்தில் எஞ்சின் ‘கிணிகிணி’ என்று தட்டும். தட்டாமலிருக்கத் தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி வைப்பார்கள். சில இடங்களில் அமுக்கத்தைக் குறைக்க ஹெட் காஸ்கட் இரண்டைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். ஆகவே மூன்று இடத்தைப் பாருங்கள். ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் நடுவில் எத்தனை காஸ்கட்டின் விளிம்பு தெரிகிறது? தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டர் எங்கே திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது? எஸ்.யு. காபரேற்றரில் பெற்றோலை அளந்துவிடும் ஊசியில் அரம் போட்ட கீறல் உண்டா? 1098 எஞ்சினுக்குரிய ஊசியின் கழுத்தில் ‘ஏ.என்’ என்ற எழுத்து பொறித்திருக்கும். அரம் பட்ட ஊசியைத் திருத்த முடியாது, புதிது போடுங்கள், விலை பெரிதல்ல.

பழைய ஒயிலை வடித்து, பில்ரரை மாற்றி, 20டபிள்யூ-50 ஒயில் ஏறத்தாழ 3.7 லீற்றர் விடுங்கள். ‘உள்ளே கழுவுகிறோம்’ என்று மண்ணெண்ணெய் விட்டு எஞ்சினை ஓட்ட யாரையும் விடாதீர்கள். வருடக்கணக்காக அடியில் படிந்த கரி ஒரேயடியாகக் கிளம்பி ஒயில் பம்பின் வலையை அடைத்துவிடும். சம்ப்பை இறக்கி வலையையும் அடியையும் கையால் துடைப்பதே சரி. முதல் 300 கிலோமீற்றரில் ஒருமுறை, பிறகு 1,000இல் ஒருமுறை ஒயில் மாற்றுங்கள். அதன் பின் 4,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் போதும்.

முதல் ஓட்டத்துக்குப் பழைய ராங்கை நம்ப வேண்டாம். ஒரு லீற்றர் போத்தலில் புதுப் பெற்றோல் எடுத்து, காபரேற்றரைவிட ஓரடி உயரத்தில் கட்டி, றப்பர் குழாயால் விடுங்கள். பிளக் போடாமல் ஸ்ராட்டரில் சுற்றி, ஒயில் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கைப் போட வேண்டும். பிளக் இடைவெளி 25 தௌ, பொயின்ற் இடைவெளி 15 தௌ. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வால்வின் தலைக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவிலுள்ள ரப்பெற் இடைவெளி எஞ்சின் ஆறியிருக்கையில் 12 தௌ. எந்த வால்வை எப்போது பார்ப்பது என்பதற்கு ஒன்பதுக் கணக்கு உண்டு. எட்டாவது வால்வ் முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைப் பாருங்கள். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. நான்கு திறந்திருந்தால் ஐந்து. கூட்டினால் ஒன்பது வர வேண்டும்.

எஞ்சின் சூடான பிறகு நான்கு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளவுங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் எஞ்சினை அப்படியே விட்டுவிடலாம். ஒன்று மட்டும் குறைந்தால் அதற்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அளவுங்கள். கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது. கூடாவிட்டால் வால்வ் கருகியிருக்கிறது. வால்வுக்கு ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். பூட்டும்போது நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, படிப்படியாக 40 இறாத்தல்-அடிவரை முறுக்குங்கள். வால்வ் அமரும் சீற்றைத் தேயாமல் காத்தது பெற்றோலிலிருந்த ஈயம்தான். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுபோனது. எப்படியும் ஹெட் லேத்துக்குப் போகிறது என்றால் எக்ஸோஸ்ற் வால்வுகளுக்குக் கடினமான சீற் போட்டுவிடுங்கள். அதற்கென்றே ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. ஆறுதலாக ஓடும் குடும்பக் காரில் சீற் தேய நீண்ட காலம் எடுக்கும். ரப்பெற் இடைவெளி அடிக்கடி குறைகிறதா என்று பார்த்துவந்தாலே தெரிந்துவிடும். 92 ஒக்ரேன் பெற்றோல் தாராளம்.

வவுனியாவிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்: மைனரில் பிரேக் மிதித்தால் முதலில் நன்றாக நிற்கிறது. சந்தியில் மிதித்தபடி நின்றால் பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறது. ஒயில் குறையவில்லை. ஓட்டலாமா?

ஓட்ட வேண்டாம், ஐயா. இன்றே நிறுத்துங்கள். இந்தக் காருக்கு ஒரே பிரேக் வட்டம்தான். ஓரிடத்தில் போனால் நான்கு சக்கரத்திலும் போனது, பிறகு கைப்பிரேக் ஒன்றுதான் மிச்சம்.

ஒயில் வெளியே போகாமல் பெடல் இறங்குகிறது என்றால், மாஸ்ரர் சிலிண்டருக்குள் றப்பர் கப்பைத் தாண்டி ஒயில் பின்னுக்கு வழுகுகிறது. மைனரில் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே நீளச் சட்டத்துக்குள் இருக்கிறது. கார்ப்பற்றைத் தூக்கினால் மூடி தெரியும். அந்த இடம்தான் வினை. கிரவல் தெருப் புழுதி முழுவதும் அங்கே படியும். மூடியைத் திறக்கும்போது ஒரு சிட்டிகை மண் உள்ளே விழுந்தாலே கப்பும் சிலிண்டரும் கீறப்படும். எப்போது திறந்தாலும் முதலில் தூரிகையால் கூட்டி, ஈரத் துணியால் துடைத்து, அதன் பிறகு திறவுங்கள்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கேடும் உண்டு. அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலோ பவர் ஸ்ரேறிங் ஒயிலோ விட்டுச் சமாளித்திருப்பார்கள். அது பட்டதும் றப்பர் கப் ஊதிப் பஞ்சுபோலாகிவிடும். ஊதிய கப் சிலிண்டரின் நுனியிலுள்ள சின்னத் துளையை மூடும். பிறகு பிரேக் விட்டபின்னும் விடாது, வெயிலில் ஓட ஓடத் தானாகவே இறுகும். பழைய ஒயிலில் ஒரு துளியைத் தண்ணீர் உள்ள கண்ணாடியில் விட்டுப் பாருங்கள். பிரேக் ஒயில் கரையும். மேலே மிதந்தால் கலப்படம். அப்படியென்றால் மாஸ்ரரின் கப், முன் சக்கரத்துக்கு இரண்டு வீதம் நான்கும் பின்னுக்கு இரண்டுமாக ஆறு சில்லுச் சிலிண்டரின் கப்புகள், மூன்று றப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்றை விட்டுவைத்தாலும் அது மற்றவற்றைக் கெடுக்கும். குழாய்களை மெதலேற்றட் ஸ்பிரிற்றால் கழுவிக் காற்றடித்துக் காயவிடுங்கள்.

சிலிண்டர் சுவரில் நகம் தடக்கும் அளவுக்குக் குழி இருந்தால் புதுக் கப் ஒரு மாதம்கூடத் தாங்காது. சிலிண்டரைப் பெருப்பித்து ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் உறை போடக்கூடிய லேத் கிடைத்தால் பழையதையே காப்பாற்றலாம், இல்லையேல் புதிது. பூட்டும்போது கப்புக்குப் பிரேக் ஒயில் மட்டுமே தடவுங்கள், கிறீஸ் வேண்டாம். பெடல் தண்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் சற்றே ஆட்டம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டாலும் பிரேக் விடாது.

பிரேக் குழாயிலுள்ள காற்றை எடுக்க முன்னர் நான்கு சக்கரத்திலும் பிரேக் சூவை இறுக்கிவிடுங்கள். சிலிண்டருக்குள் ஒயில் நிற்கும் இடம் குறைவதால் காற்று விரைவில் வெளியேறும். பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்பது வரிசை. டொற் 4 பிரேக் ஒயில் ஒரு லீற்றர் வாங்கினால் கழுவி நிரப்பவும் போதும். முடிந்ததும் சூவைத் தளர்த்தி, சக்கரம் தேயாமல் சுற்றும் அளவுக்கு வையுங்கள். ஒயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மாரி காலத்துக்குப் பிறகு உள்ளே துரு பிடிப்பது அதனால்தான்.

மல்லாவி: கிரவல் தெருவில் முன் சக்கரம் ‘கடக் கடக்’ என்கிறது. சொக் அப்சோவர் என்று நினைத்தேன். கராஜில் கிங் பின் என்கிறார்கள்.

கராஜ் சொல்வதைக் கேளுங்கள். மைனரின் முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டுதான் கிங் பின்; அது மேலும் கீழும் ட்ரனியன் என்ற புரியுள்ள துண்டுகளில் தொங்குகிறது. ஸ்ரேறிங் திருப்பும்போது அந்தப் புரியில்தான் சுற்றுகிறது. கிறீஸ் காணாமல் புழுதியில் அரைந்தால் புரி மழுங்கும். ஒருநாள் வளவுக்குள் திருப்பும்போதோ பின்னுக்கு எடுக்கும்போதோ கீழ்ப் புரி கழன்று, சக்கரம் மட்கார்ட்டுக்குள் மடிந்து விழும். வேகத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

ஜக்கைக் கீழ்க் கையின் அடியில் கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிறகு ரயரின் அடியில் ஒரு அலவாங்கை விட்டு நேர் மேலே நெம்புங்கள். ஆட்டும்போது தெரியாத தேய்வு நெம்பும்போது தெரியும். ஒருவர் பிரேக் மிதித்திருந்தால் சக்கரப் பெயறிங் ஆட்டம் மறைந்து, மிஞ்சுவது ட்ரனியன் ஆட்டம் மட்டுமே. தேய்ந்தால் கிங் பின்னும் ட்ரனியனும் சோடியாகவே மாற்ற வேண்டும்.

பக்கத்துக்கு இரண்டு வீதம் நான்கு கிறீஸ் நிப்பிள் உண்டு. சக்கரம் தரையில் இருக்கும்போது கிறீஸ் அடித்தால் சுமை தாங்கும் பக்கத்துக்குப் போகாது. தூக்கி, ஸ்ரேறிங்கை இருபக்கமும் திருப்பித் திருப்பி, பழைய கறுப்புக் கிறீஸ் வெளியேறிப் புதுசு தெரியும்வரை அடியுங்கள். தார் வீதியில் 1,500 கிலோமீற்றருக்கு ஒருக்கால், உங்கள் தெருவில் 1,000. நிப்பிள் கிறீஸ் ஏற்காவிட்டால் அதை மாற்றுங்கள். இரண்டு நிமிட வேலை. பெரிய விபத்துகள் பல அந்த அடைபட்ட நிப்பிளில்தான் தொடங்குகின்றன.

கிளிநொச்சி: வவுனியாவிலிருந்து ஏ9இல் சோக்காக வருகிறது. முறிகண்டியில் நிறுத்தி, பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு வந்தால் ஸ்ராட் ஆகாது. அரை மணித்தியாலம் நின்றால் ஆகிறது. இதுவும் மைனர்தான்.

ஓடும்போது காற்றும் தண்ணீரும் வெப்பத்தைக் கொண்டுபோகும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிட, எக்ஸோஸ்ற் மனிபோல்டின் சூடு முழுவதும் பொனற்றுக்குள் ஏறுகிறது. அந்தக் கால் மணித்தியாலத்தில்தான் காபரேற்றரும் பெற்றோல் குழாயும் ஆகக் கூடுதலாகச் சுடும். கும்பிட்டுவிட்டு வரும் நேரமும் அதேதான்.

இரண்டில் ஒன்று நடக்கிறது. அடுத்த முறை நின்றால் சாவியைப் போட்டு, ஸ்ராட் பண்ணாமல் காது கொடுங்கள். மைனரின் எஸ்.யு. மின் பம்ப் நான்கைந்து தரம் ‘டிக் டிக்’ என்று அடித்து நின்றால் காபரேற்றரில் பெற்றோல் இருக்கிறது. நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் பம்ப் பெற்றோலை அல்ல, ஆவியைத்தான் இழுக்கிறது. ஈரத் துணியைப் பம்பிலும் குழாயிலும் சுற்றினால் இரண்டு நிமிடத்தில் சரிவரும். நிரந்தரமாகச் சரிசெய்ய, பெற்றோல் குழாய் எக்ஸோஸ்ற்றுக்கு அருகில் போகிறதா என்று பார்த்து விலக்கிக் கட்டுங்கள். காபரேற்றருக்கும் மனிபோல்டுக்கும் நடுவில் வெப்பம் கடத்தாத தடித்த துண்டு ஒன்று இருக்க வேண்டும். பலரின் காரில் அது உடைந்துபோய்க் கடதாசி காஸ்கட் மட்டும்தான் இருக்கிறது. நிறுத்தும்போது பொனற்றைத் திறந்துவைப்பதும் நல்ல மருந்து.

பம்ப் ஒழுங்காக அடித்தும் எடுக்காவிட்டால் தீப்பொறியைப் பாருங்கள். ஒரு பிளக்கைக் கழற்றி வயரோடு எஞ்சினில் சாய்த்து, மற்றவரைச் சுற்றச் சொல்லுங்கள். பெற்றோல் மணம் இல்லாத இடத்தில் செய்யுங்கள். நீலமாகச் ‘சட்’ என்று வந்தால் நல்லது. மெலிந்து மஞ்சளாக வந்தால் சூட்டில் கண்டென்சரோ கொயிலோ விடுகிறது. டிஸ்ரிபியூட்டருக்குள் பொயின்ற் கருநீலமாக எரிந்திருந்தால் கண்டென்சர்தான். இப்போது வரும் கண்டென்சர்கள் சில புதிதிலேயே மோசம். வேலை செய்கிற பழையது ஒன்று இருந்தால் எறியாமல் காரில் வைத்திருங்கள்.

புதுக்குடியிருப்பு: 2009இல் விட்டுவிட்டு வந்த எங்கள் காரை மீட்டெடுத்தோம். கூரையிலும் கதவிலும் செல் துண்டு பட்ட ஓட்டைகள். கீழே துரு. பட்டிப் பசை போட்டு அடைத்துப் புதுசுபோல ஆக்கலாம் என்கிறார்கள். வீட்டில் இரண்டு கருத்து.

கை வைக்குமுன் ஒன்று. அந்த நிலத்தில் கிடந்த காரை வெட்டவோ வெல்டிங் பிடிக்கவோ முன், சீற்றின் கீழ், டிக்கி, கதவுகளின் உட்புறம், கதவடிப் பெட்டி எல்லாவற்றையும் ரோர்ச் அடித்துப் பாருங்கள். அறியாத உலோகப் பொருள் எதுவாயினும் தொடாமல் விலகி, 119க்கு அழையுங்கள். ஒரு தோட்டா கிடந்தாலும் வெல்டிங் சூடு போதும்.

இனி ஓட்டைகள். கூரையும் கதவுத் தோலும் பாரம் தாங்கும் இடங்கள் அல்ல. அவற்றை மூடுவதா வைப்பதா என்பது வீட்டாரின் முடிவு, எந்த மெக்கானிக்கும் அதில் சொல்ல ஒன்றுமில்லை. வைத்திருக்க விரும்பினால் அதற்கும் வழி உண்டு. ஓட்டையின் விளிம்பு வெளியிலிருந்து உள்ளே மடிந்திருக்கும், அந்த மடிப்பில்தான் துரு தங்கும். சின்னக் கம்பித் தூரிகையால் சுரண்டி, பொஸ்போரிக் அமிலம் உள்ள துரு நீக்கி பூசி, கறுத்ததும் கழுவிக் காயவைத்து, எபொக்சி பிறைமர் பூசுங்கள். உட்புறம் ஓட்டையைவிட இரண்டு விரற்கடை பெரிய தகட்டுத் துண்டை எபொக்சியால் ஒட்டினால் மழை வராது. வெளியே அடையாளம் அப்படியே இருக்கும். மூடுவதென்றால் தகடு வைத்து வெல்டிங் பிடியுங்கள். ஓட்டைமேல் வெறும் பட்டி நிற்காது; ஒரு மாரிக்குள் ஈரம் குடித்துக் கட்டியாக விழும்.

கீழே இருக்கும் துருதான் உயிர் விஷயம். மைனருக்குத் தனிச் செசி இல்லை, கதவடிப் பெட்டிகளும் தரையும் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. ஸ்குறூ டிரைவரின் நுனியால் குத்திப் பாருங்கள்: கதவடிப் பெட்டி, முன் சீற்றுக்குக் கீழே குறுக்காகப் போகும் சட்டம், ஜக் வைக்கும் இடம், பின் ஸ்பிறிங் மாட்டும் கொழுவிகள், கதவுத் தூணின் அடி. நுனி உள்ளே போனால் நல்ல இரும்பு வரும்வரை வெட்டித்தான் ஆக வேண்டும். பாரம் தாங்கும் இடத்துக்கு 1.2 மில்லிமீற்றர் தகடு, வெளித் தோலுக்கு 0.9. கல்வனைஸ் தகட்டை வெல்டிங் பிடித்தால் வரும் வெள்ளைப் புகை நஞ்சு. கறுப்புத் தகடே வாங்குங்கள்.

கதவடிப் பெட்டியை வெட்டுமுன் கதவு இடைவெளியில் குறுக்காக ஒரு இரும்புச் சட்டம் பிடித்து, காரின் பாரம் சக்கரங்களில் இருக்கும்படி சமதரையில் நிறுத்துங்கள். ஒரு பக்கத்தை முடித்து, கதவைச் சாத்தித் திறந்து பார்த்து, பிறகே மற்றப் பக்கம். நடுவில் ஜக் கொடுத்துத் தூக்கிவைத்து வெட்டினால் கார் வாழைப்பழம்போல வளையும், பிறகு கதவு ஒருபோதும் பூட்டாது. பற்றறியையும் பெற்றோல் ராங்கையும் முதலில் இறக்கிவிடுங்கள். ஓரங்குலத்துக்கு மேல் தொடர்ந்து பிடிக்காமல் இடம் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். முடிந்ததும் உள்ளே மெழுகு பீச்சி, அடியிலுள்ள வடிகால் துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கழிவு ஒயில் பூசுவது பழைய பழக்கம். அதிலுள்ள அமிலமே இரும்பைத் தின்னும், பிரேக் ஹோஸில் பட்டால் றப்பரையும் கெடுக்கும்.

ஓமந்தை: ரேடியேற்றருக்குள் வெள்ளையாகப் படிகிறது. கிணற்றுத் தண்ணீர்தான் விடுகிறோம்.

கிணற்றுத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு. கேத்தலுக்குள் படிவதே அங்கும் படிகிறது. 5 லீற்றர் தண்ணீரில் 100 கிராம் சித்திரிக் அமிலம் கரைத்து விட்டு, எஞ்சினைச் சூடாக்கி இருபது நிமிடம் ஓட்டி, ஆறியபின் ரேடியேற்றர் குழாய், பிளொக்கின் பக்கக் குழாய் இரண்டையும் திறந்து வடியுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவ வேண்டும். பிறகு மாரியில் பிடித்துவைத்த மழைத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு கூலன்ற் கலந்து விடுங்கள். இங்கே உறையும் குளிர் இல்லை. கூலன்ற் துருவைத் தடுக்க. மைனர் 1000இன் ரேடியேற்றர் மூடி 7 இறாத்தல் அமுக்கத்துக்கானது. புதுக் கார்களின் 13, 15 இறாத்தல் மூடியைப் போட்டால் பழைய ஈயப் பற்று வெடிக்கும்.

நெடுங்கேணி: இரவில் மாடும் யானையும் நிற்கும் வீதி. 100 வாட் பல்ப் போடலாமா?

வேண்டாம். இரண்டு 100 வாட் பல்பும் 12 வோல்ற்றில் ஏறத்தாழ 17 அம்பியர் இழுக்கும். டைனமோ தருவதே உச்சத்தில் 22, மெதுவாக ஓடும்போது அதுவும் இல்லை. முதலில் சுவிட்ச் உருகும். பெரும்பாலும் மங்கலுக்குக் காரணம் பல்ப் அல்ல, மண் எடுத்த எர்த். விளக்குச் சட்டியின் எர்த் வயரைக் கழற்றி, இரும்பு மின்னும்வரை சுரண்டிப் பூட்டுங்கள். பழைய வயரில் ஓடித் தேயாமல் றிலே போட்டுப் பற்றறியிலிருந்து நேரே கொடுத்தால் 55 வாட்டே பகல்போல இருக்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தக் கார்களில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் உடம்போடு. பற்றறி மாற்றும் பெடியனுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். மாற்றிக் கொழுவினால் றேடியோவும் போன் சார்ஜரும் அந்த நொடியே போய்விடும்.

பரந்தன்: ஒஸ்ரின் ஏ55 வைத்திருக்கிறோம். சாமான் எங்கே எடுப்பது?

கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் இன்னும் கிடைக்கிறது. உங்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. ஏ55இன் 1489 சி.சி. எஞ்சின் பி வகை. மொறிஸ் ஒக்ஸ்போட்டின் வழிவந்த இந்திய அம்பாசடர் 2014வரை செய்யப்பட்டது. அதன் பழைய பெற்றோல் எஞ்சினும் இதே குடும்பம். காஸ்கட், ரிங், வால்வ் போன்றவை இந்தியாவிலிருந்து எடுக்கலாம். பழையதைக் கையில் வைத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பெட்டியில் ஒட்டியுள்ள பெயரை நம்பி வாங்க வேண்டாம்.

சாவிகளும் அங்குல அளவில் வாங்குங்கள். அரை அங்குல நட் 12.7 மில்லிமீற்றர். 13ஆம் நம்பர் சாவி போடலாம்போல இருக்கும், இறுகிய நட்டில் மூலை மழுங்கிவிடும். ஏழின் கீழ் பதினாறு, அரை, ஒன்பதின் கீழ் பதினாறு என்ற மூன்று றிங் சாவி இருந்தால் பாதிக் கார் கழரும். இறுகிய நட்டை முதல்நாளே எண்ணெய் விட்டு வையுங்கள்.

முள்ளியவளை: வெளிநாட்டிலுள்ள அண்ணாவின் கார். மாரி மூன்று மாதமும் ஓடாது. எப்படி நிறுத்தி வைப்பது?

பொலித்தீன் விரிப்பால் மூடாதீர்கள். நிலத்து ஈரம் ஏறி, விரிப்பில் பட்டு, காரின் மேலேயே சொட்டும். கூரை போட்டு நாலு பக்கமும் காற்றோடவிட்டு, தேவையென்றால் பழைய பருத்திச் சேலையால் போர்த்துங்கள். ராங்கை நிரப்பிவிடுங்கள், வெற்றிடம் இருந்தால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் சேரும். ரயருக்கு வழமையைவிட 10 இறாத்தல் கூட்டிக் காற்றடியுங்கள். பற்றறி வயரைக் கழற்றிவிடுங்கள். கைப்பிரேக்கை இழுத்து வைத்தால் சூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே இரண்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

கிளச் பெடலை மிதித்த நிலையில் வைத்து, சீற்றுக்கும் பெடலுக்கும் நடுவில் ஒரு தடி கொடுங்கள். இல்லாவிட்டால் ஈரத்துக்குக் கிளச் தட்டு பிளைவீலோடு துருவால் ஒட்டி, தை மாதத்தில் கியர் விழாது. எக்ஸோஸ்ற் வாயில் கம்பி வலைப் பந்து ஒன்று செருகுங்கள், எலி ஏறாது. எடுக்க மறக்காமலிருக்க ஸ்ரேறிங்கில் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். பத்து நிமிடம் மட்டும் ஸ்ராட் பண்ணி நிறுத்துவது கேடு. எஞ்சின் முழுச் சூடு எடுக்காமல் நின்றால் உள்ளே தண்ணீர் தங்கும். மாதம் ஒருமுறை பற்றறியைக் கொழுவி, தடியை எடுத்து, எஞ்சின் முழுச் சூடு எடுக்கும் தூரமாவது போய் வாருங்கள். அது முடியாவிட்டால் ஸ்ராட் பண்ணாமல், பிளக்கைக் கழற்றிக் கைப்பிடியால் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டால் போதும்.